டார்லாவின் மே மாத ஃப்ளாக்ஸ்

பிரையர் ஃபோர்க் என்ற மலையூரில் யாராவது செடி கொடுத்தால் நன்றி சொல்லக்கூடாது. சொன்னால் செடி செத்துப்போகும். இதைச் சந்தேகப்பட்ட ஒரே ஆள், லெக்சிங்டன் பட்டணத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு மருமகள். அவளுடைய ரோஜா முதல் பனிக்கே போய்ச் சேர்ந்தது, அதோடு அவளும் திருந்திவிட்டாள்.

நன்றி சொல்ல முடியாது, சரி. அதற்காக ஊமை மாதிரி வாங்கிக்கொண்டு போனால் மரியாதையா? அதனால் திட்டுவார்கள். செடியைத்தான். "என்ன இது, உங்க வீட்டு ஆடு தின்னு துப்புனதா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டால் கொடுத்தவளுக்கு மனசு குளிர்ந்துவிடும். எவ்வளவு கேவலமாகத் திட்டுகிறார்களோ அவ்வளவு பாசம். கொடுக்கிறவளும் தன் பங்குக்கு, "வெறும் குப்பைதான், வேணும்னா எடுத்துட்டுப் போ" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

டார்லா ஸ்டிதம் அந்த வருஷ மே மாதம் முழுக்க இப்படித்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டே சந்தோஷமாக இருந்தாள். அவள் வேலி ஓரம் பூராவும் ஃப்ளாக்ஸ் பூச்செடி பூத்துக் கிடந்தது. ஊதா, இளஞ்சிவப்பு, நடுநடுவே வெள்ளை, இடுப்பு உயரத்துக்கு. சாயங்காலம் ஆனால் வாசனை தெரு முனை வரைக்கும் போகும். மற்றவர்கள் வீட்டில் ஃப்ளாக்ஸ் ஜூலையில்தான் பூக்கும், இவளுக்கு மே மாதமே பூத்துவிட்டது! காரணம் கேட்டால், டார்லா தன் பியூட்டி பார்லரில் வெட்டி விழுகிற முடியையெல்லாம் கூட்டி அள்ளி வந்து வேரடியில் போடுவதாகச் சொல்வாள். "கிளென்னா ஃப்யூகேட் முடி ரொம்ப சத்து" என்று ஒரு வாடிக்கைக்காரியின் பெயரை வேறு சொல்வாள்.

இந்தப் பெருமை அவளுக்கு எவ்வளவு அவசியம் என்பது போன வருஷக் கதை தெரிந்தால்தான் புரியும். போன வருஷம் அவள் ஒரு சூரியகாந்தி வளர்த்தாள். தண்ணீர் ஊற்றி, கொம்பு நட்டுக் கட்டி, கூரை உயரத்துக்குக் கொண்டுவந்தாள். பூக்கும் பூக்கும் என்று பார்த்தால் அது ராக்வீட். ஊரையே தும்ம வைக்கிற களை. ஆகஸ்டில் அது மகரந்தத்தைக் கொட்ட, தெருவே மூக்கைச் சிந்தியது. அன்றிலிருந்து பிரையர் ஃபோர்க்கில் யார் தும்மினாலும் பக்கத்தில் இருப்பவர், "டார்லா வீட்டு சூரியகாந்தி பூத்திருச்சு போல" என்பார். சர்ச்சில் பாதிரியார் தும்மினபோதும் பின் வரிசையிலிருந்து சொன்னார்கள்.

இந்த வருஷம் அதெல்லாம் ஓய்ந்திருந்தது. தீயணைப்புத் தொண்டர்களுக்குப் பணம் திரட்டத் தோட்ட உலா நடக்குமே, சனிக்கிழமை ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் வீடு வீடாகப் போய்த் தோட்டம் பார்ப்பார்களே, அதில் டார்லா வீட்டை முதல் முறையாகச் சேர்த்திருந்தார்கள். சேர்த்தது மட்டுமில்லை, முதல் வீடே அவளுடையதுதான். உலாவை நடத்துகிற கிளென்னா ஃப்யூகேட் தன் வாயாலேயே, "ஃப்ளாக்ஸ்னா இதுதான் ஃப்ளாக்ஸ்" என்று சொல்லி, ஒரு கொத்து ஒடித்துத் தொப்பியில் செருகிக்கொண்டு போனாள்.

தெருவில் பாதிப் பேருக்கு டார்லா ஏற்கெனவே நாற்று கொடுத்திருந்தாள். பக்கத்து வீட்டு வனீட்டாவுக்குத்தான் முதல் நாற்று. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து சிநேகிதி.

அன்று வனீட்டா நாற்றைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது களைடி" என்றாள்.

"ஐயோ, வனீட்டா!" டார்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு அழகா யாருமே சொன்னதில்லடி."

"இல்லடி, நான் சொல்றது..."

"போதும் போதும், ரொம்பப் புகழாதே. எடுத்துட்டுப் போ அந்தக் குப்பையை."

வனீட்டா அவளைப் பார்த்தாள், நாற்றைப் பார்த்தாள், பிறகு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் டார்லா பின்வாசல் படியில் உட்கார்ந்து பலகைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். 'ஸ்டிதம் வீட்டு ஃப்ளாக்ஸ்' என்று எழுதியாயிற்று. மூலையில் ஒரு பூ வரைய வேண்டும். விதைக் கம்பெனிப் புத்தகத்தில் ஃப்ளாக்ஸ் படம் இருந்தது. அதைப் பார்த்து ஐந்து இதழ் போட்டாள். நன்றாகத்தான் வந்தது. ஆனாலும் தன் வீட்டுப் பூ மாதிரி இல்லையே என்று தோன்றி, வேலிக்குப் போய் ஒன்றைப் பறித்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

நாலு.

உதிர்ந்திருக்கும் என்று நினைத்து இன்னொன்று பறித்தாள். அதுவும் நாலு. அப்புறம் ஒரு கொத்தையே ஒடித்து மடியில் போட்டுக்கொண்டு எண்ணினாள். எல்லாம் நாலு, எல்லாம் சிலுவை மாதிரி. இந்தச் சிலுவையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தலையைத் தூக்கினாள். எதிரே காய்கறிப் பாத்தியில், பறிக்காமல் விட்ட கடுகுக்கீரை மஞ்சளாகப் பூத்து நின்றது. அதுவும் நாலு இதழ். அதன் அடியில் ஒல்லிக் குச்சி மாதிரிக் காய். வேலிப் பக்கம் திரும்பினாள். அங்கேயும் பூக்கொத்துக்கு அடியில் அதே மாதிரி ஒல்லிக் குச்சிக் காய், பச்சையாக, நிறைய.

பங்காளிக் கடுகே எதிரில் நின்று காட்டிக்கொடுத்துவிட்டது.

அவள் புருஷன் ஹோபர்ட் உள்ளேயிருந்து மொச்சைச் சூப்பும் சோளரொட்டியுமாகத் தட்டை ஏந்திக்கொண்டு வந்தான். "என்ன, பூவை ஏன் பிச்சுப் போட்டிருக்க?"

"ஹோபர்ட், இதுல எத்தனை இதழ்னு எண்ணு."

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்ல."

"எண்ணுடான்னா!"

எண்ணினான். "நாலு. பரீட்சையா?"

"ஃப்ளாக்ஸுக்கு அஞ்சு."

ஹோபர்ட் ரொட்டியை மென்றான். மென்றுகொண்டே பலகையைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். அவன் உதடு ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது.

"சிரிச்சே, இந்த பெயிண்டு டப்பா உன் தலையில."

"நான் எங்க சிரிச்சேன்? தும்மல் வர்ற மாதிரி இருந்துச்சு."

டப்பா பறக்கவில்லை, பிரஷ் பறந்தது.

டார்லா நேரே வனீட்டா வீட்டுக்கு ஓடினாள். வனீட்டா ஆட்டுக் கொட்டிலில் இருந்தாள்.

"வனீட்டா, உண்மையைச் சொல்லு. அன்னிக்கு இது களைன்னியே, மரியாதைக்குச் சொன்னியா, நிஜமா சொன்னியா?"

"எந்தத் தடவை?"

"எத்தனை தடவை சொன்ன நீ!"

"நாத்து குடுத்தப்ப ஒரு தடவை. சர்ச்சு வாசல்ல ஒரு தடவை. உன் கடையில முடி வெட்டிக்கிட்டிருந்தப்ப ஒரு தடவை. அப்ப நீ என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்ட. கையில கத்திரிக்கோல் வேற. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

"அடிப்பாவி! அப்ப இதுக்குப் பேர் என்னடி?"

"ராக்கெட்டுப் பூ. எங்க சித்தி வீட்டுக் காட்டுல பூரா இதுதான். ஓடைக்கரையில இருந்த நிஜ ஃப்ளாக்ஸ், மத்த மலைப்பூ எல்லாத்தையும் அமுக்கிருச்சு. எங்கடி பிடிச்ச இதை?"

"காட்டுப்பூ விதைன்னு ஒரு பொட்டலம் வாங்கித் தூவினேன். எல்லாம் செத்துப்போச்சு, இது மட்டும் ஜோரா வந்துச்சு."

"அப்பவே தெரிய வேணாமா? நீ வளர்த்து ஒண்ணு ஜோரா வருதுன்னா அது என்னவா இருக்கும்?"

டார்லாவுக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, கடைசியில் அழுகைதான் வந்தது. "நான் குடுத்த நாத்தை என்ன பண்ண?"

வனீட்டா ஆட்டைக் கண்ணால் காட்டினாள். "அதுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

வெள்ளிக்கிழமை டார்லா கடையை மத்தியானமே சாத்திவிட்டு, நாற்று வாங்கினவர்கள் வீட்டுக்கெல்லாம் கிளம்பினாள். சொல்லிவிடலாம். அவமானம்தான், ஆனால் சொல்லிவிட்டால் முடிந்தது. அப்படித்தான் நினைத்தாள்.

முதலில் லோனி ஸ்பர்லாக். பழுதான வண்டிகளை இழுத்து வருகிற தொழில். கடைப் பலகையைச் சுற்றி வட்டமாக நட்டிருந்தான், கல் வேறு பதித்திருந்தான்.

"லோனி, அதைப் பிடுங்கிப் போட்டுரு. அது களை."

லோனி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். "உங்கம்மா உன்னை நல்லா வளர்த்திருக்காங்க, டார்லா."

"இல்ல லோனி, நான் நிஜமா சொல்றேன்."

"நானும் நிஜமா சொல்றேன். இந்த மாதிரி அசிங்கமான பூ என் வாசல்ல முளைச்சதே இல்ல."

"ஐயோ! எண்ணிப் பாரு லோனி. நாலு இதழ்தான் இருக்கு. ஃப்ளாக்ஸுக்கு அஞ்சு இருக்கணும்."

லோனி தன் இடது கையை நீட்டினான். நடுவிரல் பாதிதான் இருந்தது, ஏதோ இஞ்சினில் போனது. "எனக்குந்தான் குறையுது. என்னையும் பிடுங்கிப் போடுவியா?"

அடுத்த வீட்டில், அவள் 'களை' என்று சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்காரி உருகிப்போய் ஒரு பாட்டில் ஆப்பிள் ஜாமைக் கையில் திணித்தாள். அதற்கடுத்த வீட்டில் இன்னும் ரெண்டு நாற்று கேட்டார்கள். டார்லா அழாத குறையாக, "இது விஷம் மாதிரி பரவும், காட்டையே தின்னுடும்" என்றாள். "கேட்டியா, எப்படித் திட்டுறா பாரு! இப்படித் திட்டுற பொண்ணுங்க இப்ப எங்க இருக்காங்க" என்று புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள் அந்த வீட்டுக்காரி.

கடைசியாகக் கிளென்னா ஃப்யூகேட். ஊரில் யார் செடி வைத்தாலும் அவளிடம் காட்டித்தான் பெயர் கேட்பார்கள். தாழ்வாரத்தில் உட்கார்ந்து மறுநாளுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தொப்பியில் அதே பூ, புதுக் கொத்து.

"கிளென்னா, என் வீட்டை உலாவிலேருந்து எடுத்துருங்க. அது ஃப்ளாக்ஸ் இல்ல."

கிளென்னா கத்தியைக் கீழே வைத்தாள். "இங்க பாரு டார்லா. அடக்கம் நல்லதுதான். ஆனா அளவா இருக்கணும். முதல் வீடுன்னா முதல் வீடுதான்."

"நீங்க ஒரு தடவை அந்தப் பூவைப் பார்த்தா..."

"நான் பார்க்காததா? ஃப்ளாக்ஸை நான் பார்க்காததா?" கிளென்னா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பயப்படாத. இந்த வருஷம் யாரும் தும்ம மாட்டாங்க."

டார்லா வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தாள். ஜாம் பாட்டிலைப் பார்த்து ஹோபர்ட், "என்ன, திட்டப் போன இடத்துல பரிசு குடுத்தாங்களா?" என்றான்.

"யாருமே நம்ப மாட்டேங்குறாங்க."

"அப்புறம் என்ன? சொல்லிட்ட, நம்பல. உன் வேலை முடிஞ்சுது. நாளைக்கு எல்லாரும் வந்து ஆகா ஓகோன்னு பார்த்துட்டுப் போகட்டும். ஞாயித்துக்கிழமை நானே பிடுங்கித் தர்றேன்."

அது எவ்வளவு நல்ல யோசனை! டார்லாவுக்கு ஒரு நிமிஷம் உடம்பே லேசாகிவிட்டது. ஒரே ஒரு நாள். ஒரு நாள் தன் வேலிக்கு முன்னால் ஜனங்கள் நின்று வாய் பிளப்பதைப் பார்த்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு ஊரே தும்மட்டும். அந்த நினைப்போடுதான் படுத்தாள்.

விடியும்போது எழுந்து காபியோடு பின்பக்கம் போனவள், படியில் அடுக்கியிருந்த காகிதக் கோப்பைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் மண் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். உலாவுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாற்றோ விதையோ கொடுத்தாக வேண்டும், அதுதான் வழக்கம். மூன்று கவுண்டி, அதாவது மூன்று ஜில்லாவிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஆளுக்கு ஒரு ராக்கெட். 'களை' என்று சொல்லிக் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போய், அவரவர் ஓடைக்கரையில் நடுவார்கள்.

டார்லா காபியைக் கீழே வைத்தாள். வேலியின் ஒரு முனையில் குனிந்து, முதல் செடியை அடியோடு பிடித்து இழுத்தாள்.

வேர் ஒன்றும் பிடிவாதம் பிடிக்கவில்லை, சுலபமாக வந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வாசனையாவது குறையுமா என்றால் அதுவும் இல்லை. பூத்துக் குலுங்குகிற செடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் தலைகீழாகத் திணித்தாள். ஒரு பை நிரம்பியது. ஹோபர்ட் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்து பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு பையை உதறிப் பிரித்துப் பிடித்துக்கொண்டான்.

அவர்கள் பாதி வேலிகூடத் தாண்டவில்லை, கிளென்னா ஃப்யூகேட் உலாக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். "இப்ப நீங்க பார்க்கப் போறது..." என்று கையை நீட்டினவள், நீட்டிய கையோடு நின்றாள்.

"டார்லா! என்ன பண்ற நீ?"

"பிடுங்குறேன்."

"பூத்திருக்கே!"

"அதனாலதான் பிடுங்குறேன். காய் வெடிச்சு விதை சிதறினா அவ்வளவுதான்."

வண்டிகளுக்கு வழிகாட்ட நின்றிருந்த லோனி விசிலை வாயிலிருந்து எடுத்தான். திட்டுவது மரியாதைக்காக இருக்கலாம், அடக்கம் மரியாதைக்காக இருக்கலாம். ஆனால் பிரையர் ஃபோர்க்கில் எவளும் மரியாதைக்காகப் பூத்த செடியைப் பிடுங்கினதில்லை.

கிளென்னா மெதுவாகத் தொப்பியைக் கழற்றினாள். கொத்திலிருந்து ஒரு பூவை எடுத்தாள். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடியும் முதலிலிருந்து. பிறகு கொத்தையே உருவிக் கால்சட்டைப் பைக்குள் அமுக்கிவிட்டு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"களைன்னு நேத்தே சொன்னேனே" என்றாள் டார்லா. "எல்லாருக்கும் சொன்னேன். போன தடவை தும்ம வச்சேன், இந்தத் தடவை இது. எனக்குத் தெரியாம குடுத்துட்டேன். இன்னிக்கு இங்க பார்க்க ஒண்ணுமில்ல. அடுத்த வீட்டுக்குப் போங்க."

யாரும் போகவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து வனீட்டாவின் குரல் வந்தது. "ஏன் ஒண்ணுமில்ல? டார்லா ஒரு செடிக்கு சரியான பேர் சொல்லிருக்கா. மூணு கவுண்டியிலும் இதைப் பார்த்தவங்க யாராவது உண்டா?"

சிரிப்பு வெடித்தது. டார்லாவும் சிரித்துவிட்டாள், மூக்கை மண்கையால் துடைத்துக்கொண்டே. லோனி விசிலை ஹோபர்ட்டின் கையில் கொடுத்துவிட்டு நடந்தான். கொஞ்ச நேரத்தில் தன் கடை வாசல் ராக்கெட்டையெல்லாம் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து பைக்குள் போட்டான். "பாவம், வட்டமா நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். வெளியூர்க்காரி ஒருத்தி கைப்பையை வேலியில் மாட்டிவிட்டு, "எங்க வீட்லயும் இது இருக்கு, எப்படிப் பிடுங்கணும்னு காட்டு" என்று டார்லா பக்கத்தில் குனிந்தாள். அப்புறம் இன்னொருத்தி. காய் வைத்த செடியைக் கீழே போடாதே, பைக்குள் போடு என்று டார்லா அதட்ட ஆரம்பித்தாள். அதட்டல் அவளுக்கு நன்றாகவே வந்தது. வேலி ஓரம் வெறும் மண்ணாகிறவரை உலா அங்கேயே நின்றது. இரண்டாம் வீட்டுக்காரி எலுமிச்சைச் சாற்றை வைத்துக்கொண்டு காத்திருந்து கடுப்பாகி, ஜாடியோடு இங்கேயே வந்துவிட்டாள்.

எல்லோரும் ஜாடியைச் சூழ்ந்துகொண்ட நேரம் பார்த்து, கிளென்னா டார்லாவின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். டார்லா திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால நீலமா, மணி மாதிரி ஒண்ணு பூத்திருக்கு" என்றாள் கிளென்னா, தாழ்ந்த குரலில். "நான் பாதி ஊருக்குக் குடுத்திருக்கேன். இப்ப கொஞ்ச நாளா அது நடந்து நடந்து கத்தரிப் பாத்திக்குள்ள வந்துருச்சு. நீ வந்து பாரு."

"நானா? எனக்கு என்ன தெரியும், கிளென்னா?"

"எண்ணத் தெரியுதுல்ல?"

இருவரும் யாருக்கும் தெரியாமல் பின்பக்க வழியாகப் போனார்கள். கொட்டகைக்குப் பின்னால் இரண்டு பேரும் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்கள். டார்லா ஒரு பூவைக் கவிழ்த்துப் பார்த்தாள், இலையைத் தடவிப் பார்த்தாள், மண்ணைத் தோண்டி வேரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது என்னன்னு எனக்குத் தெரியல" என்றாள் டார்லா கடைசியில்.

கிளென்னா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பாடா" என்றாள். "எனக்கும் தெரியாதுடி."